ஆசிரியர் அறைக்கு வந்து சேராத சட்டம்

நார்த்தாமலைக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்து வரும் ஆசிரியர்கள் மேலமலை ஏறி விஜயாலய சோழீச்சரத்தைக் காட்டாமல் திரும்புவதில்லை. முத்தரையர் காலத்துக் கோயில், மழையில் இடிந்தது, பிறகு எடுத்துக் கட்டப்பட்டது என்று கல்வெட்டு சொல்வதைப் பொறுமையாக விளக்குவார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கல்லெழுத்தைப் பாடமாக நடத்தும் நம் பள்ளிகளில், 2009இல் நாடாளுமன்றம் இயற்றிய கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்று கேட்டால் எத்தனை பேர் பதில் சொல்வார்கள்?

ஆசிரியர்களுக்குச் சட்டத்தில் அக்கறை இல்லை என்று சொல்லிவிட முடியாது. பணியில் இருக்கும் ஆசிரியர்களும் தகுதித் தேர்வில் தேறியாக வேண்டும், ஓய்வுபெற ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்று முதல் கல்வி உரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவை வரிவரியாகப் படிக்காத ஆசிரியர் வாட்ஸ்அப் குழு இருந்திருக்காது. ஆசிரியர்களைக் கல்வி சாராத வேலைக்கு அனுப்பக்கூடாது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் ஆகியவை மட்டுமே விலக்கு என்னும் 27ஆம் பிரிவும் சங்கக் கூட்டங்களில் மனப்பாடம். இதில் தவறேதும் இல்லை. இருபது ஆண்டு உழைத்தவருக்கு வேலை போய்விடுமோ என்ற அச்சம் நியாயமானது. தன் உரிமையைத் தெரிந்து வைத்திருப்பவர்தான் பிறர் உரிமைக்காகவும் பேச முடியும்.

ஆனால் அதே சட்டத்தில், 23க்கு ஆறு பிரிவு முன்னால் இருக்கிறது 17. எந்தக் குழந்தையையும் உடலால் தண்டிக்கக்கூடாது, மனதால் துன்புறுத்தக்கூடாது, மீறினால் பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை என்கிறது அது. நலிந்த பிரிவையும் ஒடுக்கப்பட்ட சமூகத்தையும் சேர்ந்த குழந்தைகள் பாகுபாட்டுக்கு ஆளாகாமல் பார்த்துக்கொள்வது அரசின் கடமை, உள்ளாட்சியின் கடமை என்று 8, 9ஆம் பிரிவுகள் சொல்கின்றன. இவை ஆசிரியர் அறைக்கு வந்து சேரவே இல்லை. வந்தாலும் மிரட்டலாகத்தான் வருகின்றன: "பிள்ளையை அடித்தால் வேலை போகும்." சட்டம் அங்கே ஆசிரியரைத் தண்டிக்கும் கோலாகவோ, ஆசிரியரைக் காக்கும் குடையாகவோ மட்டுமே அறியப்படுகிறது. கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கையில் இருக்க வேண்டிய பொருளாக அது அறியப்படவில்லை. நம் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

சட்டத்துக்கு இடம் தெரியும்

கல்வி உரிமைச் சட்டத்துக்காக ஒன்றிய அரசு 2010இல் விதிகளை வகுத்தது. பள்ளியில் எந்தக் குழந்தையும் சாதி, வர்க்கம், மதம், பாலினம் சார்ந்த இழிவுக்கு ஆளாகக்கூடாது என்று சொல்வதோடு அந்த விதிகள் நின்றுவிடவில்லை. எங்கெல்லாம் பாகுபாடு நடக்கும் என்று இடம் குறித்தே பேசுகின்றன: வகுப்பறை, மதிய உணவு, விளையாட்டுத் திடல், பொதுக் குடிநீர், கழிப்பறைப் பயன்பாடு, கழிப்பறையையும் வகுப்பறையையும் சுத்தம் செய்யும் வேலை.

இந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். சாதி பள்ளிக்குள் எங்கே குடியிருக்கிறது என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. "எங்கள் பள்ளியில் சாதியெல்லாம் கிடையாது சார்" என்று சொல்பவர்களுக்குத்தான் தெரியவில்லை.

சுத்தம் செய்யும் வேலையிலிருந்து தொடங்குவோம். 2022இல் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே பாலக்கரை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பட்டியல் சமூகப் பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவ வைத்தது வெளியே வந்தது. ஒரு பிள்ளைக்கு டெங்கு வந்து, தாய் விசாரித்ததால்தான் அது தெரிந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் தலைமை ஆசிரியை கைது செய்யப்பட்டார். இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் ஒரு குரல் எழும்: "நாங்களும் பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்கித்தான் படித்தோம். வேலை செய்வதில் என்ன கேவலம்?" வேலையில் கேவலம் இல்லை. அந்த வேலைக்கு யாருடைய பெயர்கள் மட்டும் கூப்பிடப்பட்டன என்பதுதான் கேள்வி. ஒரு வகுப்பில் நாற்பது பேர் இருக்க, ஒரே தெருவைச் சேர்ந்த ஆறு பேரின் கையில் மட்டும் துடைப்பம் இருந்தால், அதற்குப் பெயர் உழைப்புக் கல்வி அல்ல.

அடுத்தது உணவு. 2023இல் காலை உணவுத் திட்டம் விரிந்தபோது, கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூரில் பட்டியல் சமூகப் பெண் சமைப்பதைத் தம் பிள்ளைகள் உண்ணக்கூடாது என்று சில பெற்றோர் தடுத்தார்கள். மாவட்ட ஆட்சியர் நேரில் போய், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும் என்று எச்சரித்து, பள்ளியில் உட்கார்ந்து உண்டார். சரியான செயல். ஆனால் ஆட்சியர் வரும்வரை அந்தத் தட்டுக்கும் பிள்ளைக்கும் நடுவே நின்றிருக்க வேண்டியது யார்? மதிய உணவுச் சமையலில் பட்டியல் சமூகத்தினருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004இலேயே சொல்லிவிட்டது. அதை அந்தப் பெற்றோரிடம் முதல் நாளே எடுத்துச் சொல்ல ஆட்சியர் தேவையில்லை. ஓர் ஆசிரியர் போதும்.

குடிநீருக்கு நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. நார்த்தாமலை இருக்கும் இதே புதுக்கோட்டை மாவட்டத்தில்தான் வேங்கைவயல் இருக்கிறது. 2022 டிசம்பரில் பட்டியல் சமூக மக்களின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரிய வந்ததே பிள்ளைகள் நோயில் விழுந்த பிறகுதான். ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் போனபோது இறையூரில் கோயில் நுழைவுத் தடையும் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளையும் சேர்ந்தே வெளிவந்தன. 2025 ஜனவரியில் சிபிசிஐடி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை, அதே பட்டியல் சமூக இளைஞர்கள் மூவரையே குற்றவாளிகள் என்றது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. அது பள்ளித் தொட்டி அல்ல, ஊர்த் தொட்டி. ஆனால் அந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளைகளும், இரட்டைக் குவளையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளும் மறுநாள் காலை பள்ளிக்குத்தான் வருகிறார்கள். ஊரில் கற்றது பள்ளியில் தொடராமல் இருக்க வேண்டுமானால், பள்ளிக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது என்பது முதலில் பள்ளிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நாங்குநேரி சொன்ன பாடம்

வகுப்பறைக்கு வருவோம். 2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் ப்ளஸ் டூ படித்த பட்டியல் சமூக மாணவரையும் அவர் தங்கையையும் உடன் படித்த மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டு விழுந்த பிறகு நடந்தவை எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்கு முன் நடந்ததைத்தான் ஆசிரியர்கள் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். தொந்தரவு தாங்காமல் அந்த மாணவர் பள்ளிக்கு வருவதை நிறுத்தியிருந்தார். பள்ளி விசாரித்தது. எழுத்தில் புகார் கொடுக்கச் சொன்னது. அவரும் எழுதிக் கொடுத்தார். அன்றிரவே அரிவாள் வந்தது.

இங்கே பள்ளி ஒன்றும் செய்யாமல் இருந்துவிடவில்லை. செய்தது போதவில்லை. புகார் வாங்குவது வரைக்கும்தான் நம் பள்ளிகளுக்குத் தெரிந்திருக்கிறது. வாங்கிய பிறகு புகார் கொடுத்த பிள்ளையை யார் காப்பது, எந்த வழியாக வீட்டுக்கு அனுப்புவது, குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு எப்போது, எப்படிச் சொல்வது, காவல்துறைக்கு யார் தகவல் தருவது ஆகிய எதற்கும் எழுதி வைத்த நடைமுறை இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் சேர்த்த 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்பு தருவது அரசின் கடமை என்கிறது. பிள்ளையிடம் புகார்த் தாளை நீட்டும் கை, அந்தப் பிரிவை அறிந்த கையாக இருக்க வேண்டாமா?

அந்த மாணவர் மருத்துவமனையிலிருந்து மீண்டு, 2024இல் ப்ளஸ் டூ தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் எடுத்தார். அவர் தன் பாடத்தைப் படித்துவிட்டார். பள்ளி தன் பாடத்தைப் படித்ததா?

'பேசி முடிச்சிக்கலாம்'

நம் பள்ளிகளில் சாதிக் கொடுமை நடந்தால் முதலில் கூடுவது சமாதானக் கூட்டம். ஊர்ப் பெரியவர்கள் வருவார்கள். "ரெண்டு பக்கமும் நம்ம பிள்ளைங்கதான்" என்பார்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையின் தகப்பனை நிற்க வைத்துக்கொண்டே "பிள்ளை படிப்பு கெட்டுப்போகும், பெரிசு பண்ணாதீங்க" என்பார்கள். ஆசிரியர் நிம்மதியாகப் பெருமூச்சு விடுவார்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த ஒருவரைப் பொதுப்பார்வையில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதும் இழிவுபடுத்துவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவில் குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. அதைச் செய்தவர் அரசு ஊழியரானால் குறைந்தபட்சத் தண்டனையே ஓராண்டு. அரசுப் பள்ளி ஆசிரியர் அரசு ஊழியர். 18ஏ பிரிவின்படி முதல் தகவல் அறிக்கை பதிவதற்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை. இரு தரப்பும் கைகுலுக்கினால் தலைமை ஆசிரியர் அறையிலேயே முடிந்துபோகும் குற்றங்கள் அல்ல இவை. பொதுமக்கள் யாரும் இல்லாத வீட்டின் நான்கு சுவருக்குள் பேசியது பொதுப்பார்வை ஆகாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும் வகுப்பறை அப்படிப்பட்ட தனியறை அல்ல என்பது நம் வாதம். அந்த நாற்பது பேர் முன்னால் குனியும் தலை, அதன் பிறகு எத்தனை ஆண்டு குனிந்தே இருக்கும் என்று வகுப்பெடுப்பவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இங்கே ஒரு ஒப்பீடு அவசியம். போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரிய வந்தால் காவல்துறைக்குத் தகவல் தருவது கட்டாயம். தராவிட்டால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் பணிபுரிபவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. இந்தச் சட்டம் வந்த பிறகு "பள்ளி மானம் போய்விடும்" என்று மூடி மறைப்பது முற்றிலும் நின்றுவிடவில்லை. ஆனால் மூடி மறைப்பது குற்றம் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சாதிக் கொடுமையை மறைக்கும் பள்ளி நிர்வாகத்துக்கு இப்படியொரு தெளிவான கடமை இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு கடமை தவறும் அரசு ஊழியரைத் தண்டிக்கிறது என்றாலும், அதில் பட்டியலிடப்பட்ட கடமைகள் பெரும்பாலும் புகாரைப் பதிவதும் விசாரிப்பதும் சார்ந்தவை. ஆகவே நம் முதல் கோரிக்கை இதுதான்: பள்ளிக்குள் நடக்கும் சாதிக் கொடுமையைத் தெரிந்தும் தகவல் தராமல் இருப்பதைக் குற்றமாக்க வேண்டும். சமாதானக் கூட்டத்துக்கு ஆசிரியர் போகாமல் இருக்க அவருக்குத் துணிச்சல் மட்டும் போதாது. "சட்டப்படி நான் எழுதியாக வேண்டும்" என்று சொல்ல ஒரு சட்டம் வேண்டும்.

துணிச்சல் பற்றி எளிதாகப் பேசிவிடக் கூடாது. ஊருக்குள் வாடகைக்குக் குடியிருக்கும் ஆசிரியை, பள்ளி மேலாண்மைக் குழு வழியாக மாதச் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட தற்காலிக ஆசிரியர், ஆசிரியர் அறையிலேயே தனித்து விடப்படும் பட்டியல் சமூக ஆசிரியர் ஆகியோரிடம் போய் "நீங்கள் மட்டும் எதிர்த்து நில்லுங்கள்" என்று சொல்வது நியாயமில்லை. தனிமனிதரின் வீரத்தை நம்பி எந்தப் பிள்ளையையும் ஒப்படைக்க முடியாது. எழுதி வைத்த நடைமுறை இருந்தால், பயந்தவரும் தன் கடமையைச் செய்ய முடியும்.

அரிவாள் தூக்கியவர்களும் பிள்ளைகள்தான்

சட்டம் என்றதும் "எல்லாரையும் பிடித்து உள்ளே போடு" என்று நம் பக்கத்திலும் சிலர் கொதிக்கிறார்கள். நாங்குநேரியில் வெட்டியவர்களும் பள்ளி மாணவர்கள். குற்றம் செய்த சிறாரைத் தண்டித்து ஒதுக்குவதைவிடத் திருத்தி மீட்பதையே 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் முன்வைக்கிறது. அது சரியான நோக்கம். கையில் சாதிக் கயிறு கட்டி வரும் பதினான்கு வயதுப் பிள்ளை அந்தக் கயிற்றைத் தானே நெய்யவில்லை. ஊர் கட்டிவிட்டது, திருவிழாவில் கட்டிவிட்டார்கள், சாதிச் சங்கத்து அண்ணன் கட்டிவிட்டான்.

ஆகவே ஆசிரியருக்கு இரண்டு கண்ணும் வேண்டும். பெரியவர் செய்த குற்றத்தைப் "பிள்ளைகள் சண்டை" என்று சுருக்காமல் இருக்க ஒரு கண். பிள்ளை செய்த தவறை வெறும் காவல் நிலைய விவகாரமாக மாற்றாமல் இருக்க ஒரு கண். கயிற்றை முதல் நாள் பார்க்கும்போதே பேசுவது ஆசிரியர் வேலை. அரிவாள் வந்த பிறகு பேசுவது நீதிமன்றத்தின் வேலை. 2019 ஜூலையில் பள்ளிக் கல்வி இயக்குநரகம் சாதிக் கயிறுகளுக்கு எதிராகச் சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்புக் குரல் கிளம்பியதும், தன் கவனத்துக்கு வராமல் அனுப்பப்பட்டது என்று அன்றைய அமைச்சர் பின்வாங்கினார். நான்கு ஆண்டில் நாங்குநேரி வந்தது.

தீர்மானம் இருந்தது, தண்ணீர் இல்லை

பொதுக் குளங்கள், கிணறுகள், பள்ளிகள் அனைத்தும் தீண்டப்படாதோருக்குத் திறந்திருக்க வேண்டும் என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் போட்டது. மகாட் நகராட்சியும் தன் குளத்தைத் திறப்பதாகத் தீர்மானித்தது. ஆனால் ஒருவரும் அந்தக் குளத்தில் இறங்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு நடந்துபோய்ச் சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தார். காகிதத்தில் கிடைத்துவிட்ட உரிமையைக் கையில் எடுப்பதற்கே அந்தப் போராட்டம் தேவைப்பட்டது. பள்ளியில் பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர் என்று சிறுவயதில் தாகத்தோடு உட்கார்ந்திருந்தவர் அவர்; காகிதத்துக்கும் தொண்டைக்கும் உள்ள தூரம் அவருக்குத் தெரியும்.

நம் புதுக்கோட்டையிலும் ஒரு வரலாறு உண்டு. 1886இல் இங்கே பிறந்த முத்துலட்சுமி, பெண் என்பதாலும் தாயின் தேவதாசிப் பின்னணியாலும் எதிர்ப்பைச் சந்தித்தார். மன்னர் இசைந்ததால்தான் மன்னர் கல்லூரியில் கால்வைக்க முடிந்தது, பின்னாளில் மருத்துவரானார். அன்று ஒரு பெண்ணின் படிப்புக்கு ஒரு மன்னரின் நல்ல மனது வேண்டியிருந்தது. இன்று நல்ல தலைமை ஆசிரியர் வாய்த்தால் பிழைத்தோம், இல்லாவிட்டால் இல்லை என்றுதானே பல பெற்றோர் சொல்கிறார்கள்? சட்டம் தெரியாத பள்ளியில் உரிமைகூடத் தயவாகத்தான் வந்து சேரும்.

என்ன செய்ய வேண்டும்

நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூன் 18 அன்று முதல்வரிடம் அறிக்கை தந்தது. கயிறு, பொட்டு பற்றிய பரிந்துரைகள் மட்டும் தொலைக்காட்சி விவாதங்களுக்குத் தீனியாயின. ஆசிரியர் தொடர்பானவை பின்னுக்குப் போயின. ஒவ்வொரு கல்வியாண்டும் தொடங்கும் முன் ஆசிரியர்களுக்குச் சாதிப் பாகுபாடு, பாலியல் வன்முறை, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு எதிரான குற்றங்கள் பற்றிய சட்டங்களில் கட்டாயப் பயிற்சி, ஆசிரியர் பயிற்சிப் பாடத்திட்டத்தில் மாற்றம், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, உதவித்தொகைக்காக வகுப்பில் பெயர் சொல்லி எழுப்பி நிறுத்தாமல் தனியே அழைத்துச் சொல்வது ஆகியவை அதில் உண்டு. இவற்றில் பலவற்றுக்குப் பெரிய நிதி தேவையில்லை. மனம் தேவை.

அரசு செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், ஒடுக்கப்பட்ட சமூகப் பெற்றோருக்கு விகிதாசார இடம். உங்கள் ஊர்ப் பள்ளியின் குழுவில் காலனித் தெருவிலிருந்து யார் இருக்கிறார்கள்? கூட்டத்தில் அவருக்கு நாற்காலி உண்டா, கையெழுத்து மட்டும்தானா? அடுத்த கூட்டத்துக்கு உங்கள் அக்காவையோ சித்தியையோ கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள்.

பி.எட். படிக்கும் தோழர்கள் 2010 விதிகளின் அந்த ஆறு இடங்களையும் ஒரு தாளில் எழுதி, பயிற்சிக்குப் போகும் பள்ளியில் ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். யார் எங்கே உட்காருகிறார்கள், யார் தண்ணீர் எடுக்கிறார்கள், துடைப்பம் யார் கையில்?

பணியில் இருக்கும் ஆசிரியர்கள் நாளைக்கே செய்யக்கூடியவை உண்டு. பிள்ளை சொன்னதை அதன் சொற்களிலேயே, தேதி நேரத்தோடு எழுதி வையுங்கள். எல்லோர் முன்னிலும் அந்தப் பிள்ளையை விசாரிக்காதீர்கள். தலைமை ஆசிரியருக்கு வாய்மொழியாகச் சொல்லாமல் எழுத்தில் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பத்திரமாக வீடு சேர வழி செய்யாமல் எதிர்த்தரப்புக்குத் தகவல் போக விடாதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417, வன்கொடுமைக்கு எதிரான உதவி எண் 14566 மூன்றையும் பிள்ளைகள் கண்ணில் படும்படி எழுதி ஒட்டுங்கள்.

1990களின் தொடக்கத்தில் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் கல்குவாரிப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லித் தந்தது, சைக்கிள் ஓட்டச் சொல்லித் தந்தது. மாலை வேளைகளில் மண்ணெண்ணெய் விளக்கில் பாடம் எடுத்தவர்களில் பலர் ஊர் இளைஞர்கள். எழுத்து வந்ததும் அந்தப் பெண்கள் ஒப்பந்தத்தைப் படிக்கத் தொடங்கினார்கள், கணக்குக் கேட்டார்கள். இன்று இந்த மாவட்டத்துக்கு இன்னோர் அறிவொளி வேண்டும். இம்முறை மாணவர் வரிசையில் உட்கார வேண்டியவர்கள் ஆசிரியர்கள். பாடம் எடுக்க வேண்டியவர்களில் வேங்கைவயல் தாய்மார்களும் இருக்க வேண்டும்.